எத்தனை கிலோவுக்கு இறங்குவது? டயட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

"ஒரு பத்துக் கிலோ குறைக்கணும்" என்று சொல்லிக்கொண்டு டயட்டில் இறங்குபவர்களே அதிகம். ஏன் பத்து, ஏன் ஆறு இல்லை, ஏன் பதினைந்து இல்லை என்று கேட்டால் பதில் வராது. சிலர் மனத்தில் கல்யாணத்தன்று இருந்த எடை நிற்கும். சிலர் ஜிம்மில் யாரோ சொன்ன எண்ணைப் பிடித்துக்கொள்வார்கள். எண்ணை மிகத் தாழ்வாக வைத்தால் பட்டினி கிடந்து, தசையைக் கரைத்து, ஆறே மாதத்தில் பழைய எடைக்குத் திரும்புவீர்கள். மிக உயரத்தில் வைத்தால் தொப்பை அப்படியே இருக்க, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு வாரம் எடை பார்த்து, அரை மணி நேரம் கணக்குப் போட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

எடை பார்க்கும் மெஷின், தையற்காரர் நாடா, இரும்பு அளவு டேப், கைப்பேசியில் உள்ள கால்குலேட்டர், ஒரு தாள். இவை போதும்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் இல்லை. கர்ப்பிணிகள், 18 வயது நிரம்பாதவர்கள், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியிருப்பவர்கள், முன்பு சாப்பாட்டை ஒதுக்கும் நோய்க்கு ஆளானவர்கள் ஆகியோருக்கு மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் இலக்கு வைக்க வேண்டும். நீங்கள் முயற்சி எதுவும் செய்யாமலே கடந்த ஆறு மாதத்தில் எடை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியிருந்தால், சந்தோஷப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

உயரமும் எடையும்: பாதித் தவறு இங்கேதான்

உயரத்தை யாரும் மறுபடி அளப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த எண்ணையே ஐம்பது வயதிலும் சொல்வோம். நாற்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. குறைவது சகஜம், முதுகெலும்பு தேய்ந்தால் இன்னும் கூடுதலாகக் குறையும். 158 செ.மீ. உயரமுள்ள பெண் 161 என்று எழுதினால் அவருடைய எடையின் மேல் எல்லை 2.2 கிலோ தள்ளிப்போகும்.

காலையில் அளங்கள். மாலைக்குள் முதுகெலும்பு அழுந்தி ஏறத்தாழ ஒரு செ.மீ. குறைந்துவிடும். செருப்பு வேண்டாம், கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் சுவரடியில் ஓர் ஓட்டு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அங்கே குதிகால் சுவரில் படாது. ஆகவே மூடிய கதவின்மேல் சாய்ந்து நிற்பது நல்லது. குதிகால், பிட்டம், தோள் மூன்றும் படட்டும். பார்வை நேராக இருக்கட்டும். வேறொருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் மட்டமாக வைத்துப் பென்சிலால் குறிக்க வேண்டும். தரையிலிருந்து அந்தக் குறிவரை இரும்பு டேப்பால் அளங்கள். தையல் நாடா பெரும்பாலும் 150 செ.மீ.தான் இருக்கும், நாளாக ஆக இழுபடவும் செய்யும்.

எடை மெஷினைக் கம்பளத்தின் மேலோ பாயின் மேலோ வைக்கக் கூடாது. ஓடு பதித்த சமமான தரை வேண்டும். மெஷின் சரியா என்று பார்க்கக் கடையில் வாங்கிய, பிரிக்காத பத்துக் கிலோ அரிசி மூட்டை போதும். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் பத்துக் கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்பது, பதினொன்று என்று காட்டினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்படியும் தேறாவிட்டால் அந்த மெஷின் ஏற்ற இறக்கம் பார்க்க மட்டுமே உதவும். கணக்குக்கு வேண்டிய எடையை அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் கழிவறைக்குப் போய்வந்த பிறகு, பசியாறுவதற்கு முன், ஒரே மாதிரி உடையில் ஏழு நாள் எடை பாருங்கள். ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுங்கள். உதாரணத்துக்கு: 74.6, 73.8, 74.1, 73.5, 73.9, 74.4, 73.7. கூட்டினால் 518, சராசரி 74.0 கிலோ. இதே வாரத்தில் தாழ்ந்த எண்ணுக்கும் உயர்ந்த எண்ணுக்கும் ஒரு கிலோவுக்கு மேல் இடைவெளி இருக்கிறது, பாருங்கள். அது கொழுப்பு இல்லை, தண்ணீர். இரவு நாசி கண்டாரில் நாலு குழம்பு கலந்து ஊற்றிச் சாப்பிட்டால் அந்த உப்பு மறுநாள் காலை தண்ணீராக நிற்கும். மாதவிலக்குக்கு முந்தைய சில நாள்களிலும் மலச்சிக்கலிலும் இதே கதைதான்.

எந்த வாரத்தில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். தைப்பூச விரதம் முடிந்த கையோடு அளந்தால் எடை செயற்கையாகத் தாழ்ந்திருக்கும். தீபாவளி முறுக்கும் திறந்த இல்ல உபசரிப்பும் ஓயாத வாரத்தில் ஏறியிருக்கும். இரண்டுக்கும் பிறகு இரண்டு வாரம் வழக்கமான சாப்பாட்டில் இருந்துவிட்டு அளங்கள்.

பிஎம்ஐ: நமக்கு எல்லை 25 இல்லை, 23

கிலோ கணக்கில் எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்). 74-ஐ 1.58-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 1.58-ஆல் வகுத்தால் 29.6.

கைப்பேசிச் செயலிகள் பலவும் 25 வரை பச்சை நிறம் காட்டும். அது ஐரோப்பிய உடல்களை வைத்து வந்த எல்லை. ஆசியர்களுக்கு ஆபத்து அதற்கு முன்பே தொடங்குகிறது என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 23, 27.5 ஆகிய எண்களைக் குறித்தது. மலேசிய மருத்துவ வழிகாட்டிகளும் 23-ஐத் தொட்டால் அதிக எடை, 27.5-ஐத் தொட்டால் உடல் பருமன் என்றே எடுத்துக்கொள்கின்றன. இந்தியர்களுக்கு இது இன்னும் பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து அதே 2004-இல் லான்செட் இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற நம் உடல்வாகை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

18.5 முதல் 22.9 வரையிலான பிஎம்ஐக்கு உரிய எடை இது:

150 செ.மீ. – 41.6 முதல் 51.5 கிலோ
155 செ.மீ. – 44.4 முதல் 55.0 கிலோ
160 செ.மீ. – 47.4 முதல் 58.6 கிலோ
165 செ.மீ. – 50.4 முதல் 62.3 கிலோ
170 செ.மீ. – 53.5 முதல் 66.2 கிலோ
175 செ.மீ. – 56.7 முதல் 70.1 கிலோ
180 செ.மீ. – 59.9 முதல் 74.2 கிலோ

உங்கள் உயரம் இடையில் இருந்தால் மீட்டரில் உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, 22.9-ஆல் பெருக்குங்கள். 158 செ.மீ.க்கு மேல் எல்லை 57.2 கிலோ. இந்த எண்ணைத் தாளில் எழுதுங்கள், ஆனால் இன்னும் வட்டம் போட வேண்டாம்.

உயரத்தில் நூறைக் கழித்தால் சரியான எடை என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கணக்கு, 150 செ.மீ. உள்ளவருக்கு ஓரளவு பொருந்தும். 175 செ.மீ. உள்ள ஆணுக்கு அது 75 கிலோ தரும், பிஎம்ஐ 24.5. நம் எல்லையைத் தாண்டிவிட்டது. அதை விட்டுவிடுங்கள்.

பட்டியலின் கீழ் முனையைக் குறிவைப்பதில் ஆரோக்கியப் பலன் கூடுதலாக எதுவும் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் மேல் முனைக்குக்கூட இறங்கியே தீர வேண்டியதில்லை. அந்த வயதில் தசை கரைந்து, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவது இரண்டு மூன்று கிலோ கூடுதல் எடையைவிடப் பெரிய ஆபத்து.

இடுப்பளவு: எடையைவிட உண்மை பேசும் எண்

பிஎம்ஐ கொழுப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாது. தொடையில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. குடலையும் கல்லீரலையும் சுற்றி இருப்பதுதான் சர்க்கரை, இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு எல்லாவற்றுக்கும் வழி விடுகிறது. ஆகவே டயட்டுக்கு முன் ஒரே ஓர் அளவுதான் எடுப்பேன் என்று அடம்பிடிப்பவர் இடுப்பை அளக்கட்டும்.

விலா எலும்பின் கடைசி விளிம்பை விரலால் தேடுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். பலருக்கு அது தொப்புளுக்குச் சற்று மேலே வரும். வெறும் தோல்மேல் அளக்க வேண்டும். நாடா படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வழக்கம்போல் மூச்சை விட்டு முடித்த நொடியில் எண்ணைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால் தாளில்தான் இளைப்பீர்கள். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறை அளங்கள்.

பேண்ட் அளவு இடுப்பளவு ஆகாது. இருபது வருடமாக 34 அங்குல பேண்ட் போடுகிறேன் என்று பெருமைப்படும் ஆண்கள் பலர் பேண்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். மேலே தொப்பை 40 அங்குலமாகியிருக்கும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கும் பெண்களுக்கும் இதே பிழைதான்.

ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. கூடவே இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 158 செ.மீ. உள்ளவருக்கு 79, 170 செ.மீ. உள்ளவருக்கு 85. இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இடுப்பிலிருந்து எடைக்கு வருவோம். ஒரு கிலோ குறைந்தால் இடுப்பு ஏறத்தாழ ஒரு செ.மீ. இறங்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். நம் உதாரணப் பெண்ணுக்கு இடுப்பு 93 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 79-க்கு வர 14 கிலோ குறைய வேண்டும், அதாவது இலக்கு 60 கிலோ. பிஎம்ஐ 57 என்றது, இடுப்பு 60 என்கிறது. இடுப்பு முதலிலேயே எல்லைக்குள் இருந்து பிஎம்ஐ மட்டும் 24, 25 என்று இருப்பவர்கள், குறிப்பாக எடை தூக்கிப் பயிற்சி செய்பவர்கள், டயட்டே தேவைதானா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

கொழுப்பு விழுக்காடு காட்டும் மெஷினை எவ்வளவு நம்பலாம்?

வெறுங்காலோடு ஏறினால் கொழுப்பு இத்தனை விழுக்காடு என்று சொல்லும் மெஷின்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. மிகச் சிறிய மின்சாரத்தைக் காலுக்குள் செலுத்தி, தடையை வைத்து உடலின் தண்ணீரை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பை ஊகிக்கின்றன. ஊகத்தின்மேல் ஊகம். உடற்பயிற்சி முடித்து வியர்த்தபின் ஏறினால் ஓர் எண், தண்ணீர் குடித்து ஏறினால் வேறோர் எண்.

கணக்கு இப்படி: மெஷின் 42 விழுக்காடு காட்டினால் 74 கிலோவில் கொழுப்பில்லா உடல் 42.9 கிலோ. 32 விழுக்காட்டுக்கு வர வேண்டும் என்றால் 42.9-ஐ 0.68-ஆல் வகுங்கள், 63.1 கிலோ வரும். ஆனால் உண்மையில் கொழுப்பு 38 விழுக்காடாக இருந்தால் அதே கணக்கு 67.5 கிலோ தரும். மெஷினின் நாலு புள்ளிப் பிழை உங்கள் இலக்கை நாலரைக் கிலோ நகர்த்திவிடுகிறது. அதனால் இதை இலக்கு வைக்கப் பயன்படுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை ஒரே மெஷினில், ஒரே நேரத்தில் பார்த்து இறங்குகிறதா என்று கவனிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எடையில் குடியிருக்க முடியுமா?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். இலக்கு எடையைத் தொட்ட பிறகு வாழ்நாள் முழுக்க அந்த உடம்புக்கு எவ்வளவு சாப்பாடு போதுமோ அவ்வளவுதான் சாப்பிட முடியும். அதை முன்கூட்டியே கணக்கிடலாம். இலக்கு எடையைப் பத்தால் பெருக்குங்கள், செ.மீ.யில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை ஐந்தால் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள், ஆண் என்றால் 5 கூட்டுங்கள். இது படுத்தே கிடந்தாலும் உடல் எரிக்கும் கலோரி. நாளெல்லாம் உட்கார்ந்து வேலை என்றால் 1.2-ஆலும், வாரத்தில் சில நாள் வேக நடை இருந்தால் 1.375-ஆலும் பெருக்குங்கள்.

45 வயது, 158 செ.மீ., இலக்கு 60 கிலோ: 600-உம் 987.5-உம் கூட்டி, 225-உம் 161-உம் கழித்தால் 1201. உட்கார்ந்த வேலை என்றால் நாளுக்கு ஏறத்தாழ 1440 கலோரி. நடந்தால் 1650. மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் ஏறத்தாழ 750 கலோரி. பசியாறும்போதே பாதி போய்விட்டது. கோலாலம்பூரில் காரிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து நாற்காலி என்று வாழ்பவருக்கு 60 கிலோ எவ்வளவு இறுக்கமானது என்று இப்போது தெரியும். அந்த 1440-இல் காலம் தள்ள முடியாது என்று தோன்றினால் இரண்டு வழி: நடையைக் கூட்டுவது, அல்லது இலக்கை 63, 64-க்கு உயர்த்துவது. இரண்டும் நேர்மையான முடிவுகள்தான். 57 என்று எழுதி வைத்துவிட்டு 72-இல் கைவிடுவதைவிட மேல்.

முதல் இலக்கு: பத்தில் ஒரு பங்கு

தூர இலக்கு 60–63 என்று வந்துவிட்டது. டயட்டை அதற்காகத் தொடங்க வேண்டாம். இப்போதைய எடையில் 5 விழுக்காடு முதல் படி: 70.3 கிலோ. 10 விழுக்காடு இரண்டாம் படி: 66.6 கிலோ. இவ்வளவு இறங்கினாலே சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஆகியவை இறங்கத் தொடங்கும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக வைத்த குழுவில் நோய் 58 விழுக்காடு குறைவாக வந்தது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்விலோ, எடை பெரிதாக மாறாத நிலையிலும் உணவு, நடை மாற்றத்தால் 28.5 விழுக்காடு குறைந்தது. மெஷின் அசையாத மாதங்களில் இதை நினைவில் வையுங்கள்.

வேகம் வாரம் அரைக் கிலோ. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. நாளுக்கு 500 குறைத்தால் வாரம் அரைக் கிலோ என்பது தாளில் சரியாக வரும். அதன்படி 7.4 கிலோவுக்குப் பதினைந்து வாரம். நடப்பில் ஆறு மாதம் ஒதுக்குங்கள், ஏனென்றால் உடல் இளைக்க இளைக்க எரிப்பதும் குறையும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்த வேகத்தை வைத்துத் தேதி குறிக்காதீர்கள். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும், தசையும் போகும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1200, ஆண்கள் 1500 கலோரிக்குக் கீழே போகக் கூடாது.

எடை குறைப்பதற்கு முன் இரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது: வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் விழுக்காடு), கொழுப்பு வகைகள், கூடவே இரத்த அழுத்தம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். மலேசிய வழிகாட்டியில் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.2 வரை நோயின் விளிம்பு, 6.3-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். ஏற்கெனவே சர்க்கரைக்குக் கிளிகிளசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை இறங்கும்போது எழுந்து நின்றால் தலைசுற்றலாம். மருந்தளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

தாளில் இப்போது சராசரி எடை, இடுப்பளவு, 5 விழுக்காடு, 10 விழுக்காடு, தூர இலக்கு, இரத்த முடிவுகள் எல்லாம் இருக்கும். 66.6-ஐத் தொட்டதும் மேலும் இறங்காதீர்கள். இரண்டு கிலோ ஏற்ற இறக்கத்துக்குள் மூன்று மாதம் அங்கேயே நில்லுங்கள். பிறகு இடுப்பை அளந்து, இரத்தத்தைப் பார்த்து, கலோரிக் கணக்கைப் புது எடைக்குப் போட்டு, அடுத்த இலக்கை வையுங்கள். எடை ஒரு மாதமாக நின்றிருந்தும் இடுப்பு இரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் டயட்டை இறுக்க வேண்டாம். 63-இல் இடுப்பு 79-க்குள் வந்து இரத்த முடிவுகளும் ஒழுங்காகிவிட்டால் தாளில் இருக்கும் 57.2-ஐ அடித்துவிடலாம்.